காற்று என் பக்கம்

நூல் பிடித்து அளந்தால்
ஆயிரத்து இருநூற்றெழுபது கிலோமீட்டர்.
நான் ஓடு பதிக்கிறவன்.
குளியலறை மூலையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும்
ராத்தூக்கம் போய்விடும் எனக்கு.
ஆனால் டர்பனுக்கும் கேப் டவுனுக்கும் இடையே
நூலைக் கட்ட
எந்தச் சுவரில் ஆணி அடிப்பது?

நீதிமன்றத் தாளில் தூரம் எழுதியிருக்கவில்லை.
மூன்றாம் வெள்ளி மாலை வருகை.
ஞாயிறு பிற்பகல் புறப்பாடு.
பயணச் செலவு தகப்பன் பொறுப்பு.
லோஷினி கையெழுத்துப் போட்டுவிட்டு
அதே பேனாவை என்னிடம் நீட்டினாள்.
மை தீரும் தறுவாயில் இருந்தது.
என் பெயரின் கடைசி எழுத்து
இன்றைக்கும் அந்தத் தாளில் பாதிதான் இருக்கிறது.

தியஷ்னிக்கு ஒன்பது வயது.
கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை,
அதற்குள் இரண்டு தொலைபேசி எண்கள்.
தனியாக வருவாள், தனியாகப் போவாள்.

முதல் ஆறு மாதம் நான் கவனிக்கவில்லை.
ஒருநாள் பயணச்சீட்டை உற்றுப் பார்த்தேன்:
வருவதற்கு இரண்டு மணி நேரம்.
போவதற்கு இரண்டு மணி நேரம் பத்து நிமிடம்.
அதே வானம், அதே விமானம்,
பிறகென்ன?
கவுண்டரில் இருந்த நோம்புசோவைக் கேட்டேன்.
"காற்று," என்றாள், தலை நிமிராமல்.
"மேலே அது மேற்கிலிருந்துதான் அடிக்கும்.
இங்கே வரும்போது தள்ளிவிடும்.
அங்கே போகும்போது மல்லுக்கு நிற்கும்."

அன்று வெருலம் திரும்பும் வழியெல்லாம்
கரும்பு ஒரே பக்கமாய்ச் சாய்ந்திருந்தது,
என் பக்கமாய்.

ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிய வக்கீலால் ஆகாததை
காசு வாங்காத காற்று செய்கிறது:
அவளைச் சீக்கிரம் கொண்டுவருகிறது,
கொண்டுபோக மனமில்லாமல் இழுத்தடிக்கிறது.
மாதம் பத்து நிமிடம்,
வருடத்துக்கு இரண்டு மணி நேரம்.
சிமெண்ட் மூட்டையின் முதுகில் பென்சிலால் போட்ட கணக்கு.
யாரிடமும் சொல்லவில்லை.

போன ஞாயிறு,
விமான நிலையத் திருப்பத்துச் சிவப்பு விளக்கில்
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
தியஷ்னி ஜன்னல் கண்ணாடியில் ஊதி
அந்த ஆவியில் பத்து என்று எண்ணால் எழுதினாள்.
"ஆனா அப்பா,
அந்தப் பத்து நிமிஷம் நான் வானத்துல இல்ல இருக்கேன்?
உங்ககிட்டயும் இல்ல.
அம்மாகிட்டயும் இல்ல."
ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.
எனக்கு எப்படியோ தமிழில் உறைத்தது.

"அப்போ யார்கிட்ட?"
விளக்கு பச்சையானது.
பின்னால் ஒரு மினிபஸ் டாக்ஸி ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.
"பன்னிரண்டு ஏகிட்ட.
ஜன்னல் சீட்டு.
சட்டிசட்டியா மலை தெரியும்.
யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க.
எனக்கு அது பிடிக்கும்."

நான் கியர் மாற்றினேன்.
கண்ணாடியில் இருந்த பத்து
முதலில் பூஜ்யத்தை இழந்தது.

மாலை லோஷினியிடமிருந்து
வழக்கமான ஒற்றைச் சொல்: இறங்கியாச்சு.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
இரண்டு மணி நேரம் பதினேழு நிமிடம்.
மேலே பலத்த காற்று போலும்.
பென்சிலைத் தேடினேன்,
பிறகு தேடவில்லை.

திங்கள் காலை ஃபீனிக்ஸில் ஒரு சமையலறைத் தரை.
முதல் ஓட்டின்மேல் ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி அந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும்
அலைந்துகொண்டிருந்தது.
வீட்டுக்காரர் வாசலில் நின்று
"ஆயிற்றா?" என்றார்.
ஒரு நிமிடம் பொறுங்கள் என்றேன்,
கையை எடுத்துவிட்டு.