அரை சதவீதம்

முதல் தட்டில் வெள்ளி இல்லை, வெறும் பிசின்.
இரண்டாவதில் நூறில் கால் பங்கு.
மூன்றாவதில் அரை.
நான்காவதில் ஒன்று.
எழுதி ஒட்டிவிட்டு
நாக்கால் என் கீழ்க் கடைவாய்ப் பல்லைத்
தொட்டுப் பார்க்கிறேன்.
குழி அங்கேயேதான் இருக்கிறது.

பிராசிகாபாவில் கரும்பை விட்டால் பேச்சு கிடையாது.
லாரியில் போவது கரும்பு,
கார் குடிப்பது கரும்பு,
சனிக்கிழமை நாங்கள் குடிப்பதும்.
கரும்பு தின்னக் கூலி தரும் ஊர்.
கொடுத்த கூலியைப்
பல்லில் பிடித்துக்கொள்ளும்.

ஆய்வகத்தில் கிருமிக்கும் சர்க்கரைதான் சோறு.
கரைசலில் கொஞ்சம் விட்டால் போதும்,
ராத்திரியோடு ராத்திரியாகப் பசை நெய்து
வட்டின்மேல் குடியேறிவிடும்.
வாடகை கேட்க ஆளில்லாத வீடு;
உட்கார்ந்து அமிலம் காய்ச்சும்.

வெள்ளித் துகளைக் கண்ணால் கண்டவர்
எங்களில் யாருமில்லை.
மின்நுண்ணோக்கி பார்த்தது,
அது எடுத்த படத்தை நாங்கள் பார்த்தோம்.
ஒரு தலைமயிரின் குறுக்கே
சில ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தலாமாம்.
வரிசையில்தான் நிற்காது.
விட்டால் கட்டிகட்டியாய் ஒட்டிக்கொள்ளும்.
பிரித்துப் பிரித்துக் கலக்குவது என் வேலை,
நாலு வருடமாக இந்தப் பஞ்சாயத்து.

டாக்டர் ஒஸ்மைர் சானாட்டா
ஒன்றே ஒன்றுதான் கேட்பார்:
கிருமி சாக வேண்டும்,
பல் வெள்ளையாக இருக்க வேண்டும்,
நீல விளக்கு அடிவரை இறங்க வேண்டும்,
கடித்தால் உடையக் கூடாது.

ஒரு சதவீதத்தில் கிருமி கூண்டோடு போயிற்று.
இரண்டே வாரத்தில் வட்டு பல்லிளித்தது.
ஈயப் பாத்திரத்தின் அடிப்பாகம் போல ஒரு நிறம்.
"முன்பல்லில் இதை வைத்தால்
சிரிப்பதையே விட்டுவிடுவார்கள்" என்றாள் தைனாரா.
அவள் சிரிக்கவில்லை;
ஆய்வேட்டுக்கு ஆறு மாதம்தான் மீதி.

ஆகவே அரை.

ஆகஸ்டில் அரையும் கறுத்தது.
ஒரே தொகுதி, பன்னிரண்டு வட்டு,
எல்லாவற்றிலும் பொட்டுப் பொட்டாய்.
வெள்ளி கட்டிவிட்டது என்றார் டாக்டர்.
நான் ஒழுங்காகக் கலக்கவில்லை என்றார்கள்,
வாயால் அல்ல, பார்வையால்.
பல்லைக் கடித்துக்கொண்டேன்,
இடது பக்கம் மட்டும்.

வெட்டி, தேய்த்து, பெரிதாக்கிப் பார்த்தோம்.
அது வெள்ளியே இல்லை.
கரி.
கரும்புத் தோட்டத்தில் தீ வைத்திருக்கிறார்கள்.
வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது,
சட்டம் எரிவதில்லை.
பிசின் நாற்றம் தாங்காமல்
நான்தான் ஜன்னலைத் திறந்திருந்தேன்.
துவைத்துப் போட்ட சட்டையில் விழுவது போலவே
பல் அடைக்கும் பசையிலும்
விழுந்திருக்கிறது ஊர்.

பன்னிரண்டு வட்டையும் கொட்டினேன்.
ஜன்னலைச் சாத்தினேன்.
மறுபடி முதலிலிருந்து, முகமூடியோடு.

முதல் நாள்: தட்டு சுத்தம்.
மூன்றாம் நாள்: சுத்தம்.
டாக்டர் எல்லோருக்கும் பான் தே கேஜோ வாங்கித் தந்தார்.
பதினான்காம் நாள்
சாயம் ஊற்றிப் பார்த்தபோது
வட்டின்மேல் செத்தவை சிவப்பாய்,
பாய் விரித்தாற்போல.
அந்தப் பாயின்மேல்
பச்சையாய்,
உயிரோடு,
புதியவை.

செத்த உடல்களே
வெள்ளி எட்டாத தளமாகிவிட்டன.
இதைக் குறிக்க அட்டவணையில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
தைனாரா வெகுநேரம்
நுண்ணோக்கியை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குக்
கீழ்த்தளக் கிளினிக்கில் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.
அடைக்கப் போவது கடையில் விற்கும் பிசின்,
வெள்ளி இல்லாதது.
என் வாய்தான் இனி முதல் தட்டு.

"இவோனெத்தி, காபியில் சர்க்கரை போடட்டுமா?"
போடு என்கிறேன்.
மறுபக்கமாகக் குடிக்கத் தெரியும்.