எது முறியட்டும்

கீழவளவுப் பக்கம், கைவிட்ட குவாரியில்
மூன்றாம் படியில் முன்சக்கரம் ஏறிவிட்டது.
பின்சக்கரம் ஏற இருந்த கணத்தில்
அது முறிந்தது.

வெடிச்சத்தம் மாதிரி இருக்கும் என்பார்கள்.
எனக்கு அப்படிக் கேட்கவில்லை.
சோற்றில் கல் கடிபட்டதுபோல
உள்ளுக்குள், எனக்கு மட்டும்.
பிறகு எஞ்சின் உறுமியது,
முன்சக்கரம் பாறையை நக்கிக்கொண்டே இருந்தது,
ரப்பர் வாடை வந்தது.
வண்டி நகரவில்லை.

முத்திருளாண்டி உருவி எடுத்த தண்டின் முனையில்
பத்துப் பல்லும் கைமுறுக்குப் போலச் சுற்றியிருந்தது.
"இன்னைக்கு முறியலக்கா இது,
ரொம்ப நாளா முறுக்கிக்கிட்டே இருந்திருக்கு."

ஞாயிற்றுக்கிழமை, கப்பலூர் தாண்டி,
ஜைனுலாப்தீன் பாயின் இரும்புக் கடை.
அச்சுகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன,
பஸ் தவறவிட்டவர்கள் மாதிரி.

ஜிப்சியின் அச்சை இருவரும் சுலபமாய்த் தூக்கிவிட்டோம்.
அதுதான் அதன் குறை.
முப்பத்தைந்து அங்குல டயரை மாட்டி
ஒரு கல்லில் நெருக்கினால் தாங்காது.

பொலீரோவுடையது விலை படிந்தது.
ஆனால் அதில்
பாரம் தாங்குவதும் அதே தண்டு, சுழற்றுவதும் அதே தண்டு.
முறிந்தால் சக்கரம் தனியே கழன்று
எனக்கு முன்னால் பள்ளத்தில் இறங்கும்.

நானூற்றேழு லாரியின் பின்னச்சில் ஏற்பாடு வேறு.
கூடு சுமக்கும், தண்டு திருகும்.
அவரவர் வேலை அவரவருக்கு.
போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவினாலும்
சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும்.
எங்கள் வீட்டில் இப்படி யாராவது பிரித்துக் கொடுத்திருந்தால்
நான் இன்னும் ஆரப்பாளையத்திலேயே இருந்திருப்பேன்.

"வயிறு தட்டும்க்கா," என்றான்,
நடுவிலிருந்த பூசணிக்காயைக் காலால் தொட்டு.
தட்டும்தான்.
கீழே தகடு வைத்து வெல்டு பண்ணு, சறுக்கிக்கொண்டு போகட்டும்.
"கனம்?"
கனம் கீழே இருந்தால் கவிழாது.
"இது முறியலைன்னா வேற ஒண்ணு முறியும்."

அதைத்தான் ஆறு நாளாய்
பேரிங் அட்டைப்பெட்டியின் பின்புறம் கணக்குப் போட்டிருந்தேன்.
அச்சு முறியாவிட்டால் அந்தத் திருகல் மேலே ஏறும்.
ப்ரொப்பெல்லர் ஜாயிண்டின் சிலுவைக்கு,
அங்கேயும் முறியாவிட்டால் கியர்பாக்ஸுக்கு,
அங்கே பல் உதிர்ந்தால்
குவாரியிலிருந்து மேலூர்வரை கயிறு கட்டி இழுக்க வேண்டும்.
எல்லாவற்றையும் முறியாததாக வாங்க
என்னிடம் பணம் இல்லை. இருந்தாலும் முடியாது.
ஆக, சிலுவை முறியட்டும்.
சில நூறு ரூபாய், அரைமணி வேலை, இரண்டு ஸ்பானர்.
சீட்டுக்கடியில் மூன்று வைத்துக்கொள்கிறேன்.

பாய் கேட்டார்:
"ஏம்மா, பக்கத்துலயே ரோடு போகுதே,
பாறை மேல எதுக்கு ஏத்துறீங்க?"
முத்திருளாண்டி என்னைப் பார்த்தான்.
நான் அச்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு
நூலைப் பிடித்து வளைவு பார்த்தேன்.
இல்லை.

"நெல்லு லோடுதான் அடிச்ச வண்டி, கவுந்ததே இல்ல," என்றார் பாய்.
கூட்டின் இடுக்கில் ஜல்லித் தூசி
கெட்டியாக அப்பியிருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விலையில் ஆயிரம் குறைந்தது.

பிறகு மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி
தண்டு முழுக்கத் தடவித் துடைத்து
மேலே சாக்பீஸைத் தேய்த்தோம்.
விரிசல் இருந்தால்
உள்ளே போன எண்ணெய் திரும்பிக் கசிந்து
வெள்ளையில் கருப்பாய்க் கோடு எழுதும்.

டீ வந்தது.
இரண்டு கிளாஸும் காலியானது.
கோடு வரவில்லை.

"ஏத்திரலாமாக்கா?"
இரு, என்றேன்.
இன்னும் பத்து நிமிஷம் இரு.