முப்பது சென்ட்

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில்
கேவல்சந்த் கடை மாடியில்
முப்பது சென்ட் என்றார்கள்.
எனக்குச் சட்டென்று வரப்பு தெரிந்தது.

பதினோரு வருடமாக நான் அளப்பது சென்ட்.
முப்பது சென்ட் என்றால்
ஒரு வீடு, ஒரு கிணறு, பத்துத் தென்னை,
அண்ணனும் தம்பியும் பேசாமலிருக்கப்
போதுமான இடம்.
இந்த முப்பதோ இடுக்கியின் நுனியில் நின்றது.
பறந்துவிடுமோ என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மோதிரத்தையும் இங்கேயே செய்துடலாமே என்றார்,
பதினெட்டு சதவீதம்தான் சேதாரம்.
சேதாரம் என்ற சொல்லைப்
பிரசாதம் மாதிரி உச்சரித்தார்.
கல் மட்டும் போதும் என்றேன்.
முகம் அணைந்தது.
"வெளியில கட்டினீங்கன்னா கல்லுக்கு நாங்க பொறுப்பில்ல."

எட்டாக மடித்த தாளில் கல்.
கூடவே ஒரு சீட்டு,
அச்சு அசல் புலப்படம்:
கோடுகள், கோணங்கள்,
விளிம்பை ஒட்டிச் சிவப்பு மையில் ஒரு புள்ளி.
அது ஒண்ணுமில்ல மேடம், கண்ணுக்கே தெரியாது.
கண்ணுக்குத் தெரியாததற்காகத்தான்
என் பிர்க்காவில் மூன்று தலைமுறையாகக்
கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
அங்கே எப்போது போடவில்லை.
கண்ணாடிக் கூட்டில் கல்,
கூடு கைப்பையில்,
பை மடியில்,
மடிமேல் என் இரண்டு கை.
பக்கத்து சீட்டுப் பெண் தூக்கத்தில் தோளில் சாய்ந்தாள்.
திருடி என்று நினைத்தேன், ஒரு நிமிடம்.
பிறகு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்,
அவள் தூங்கட்டும் என்று.

இரண்டு கல் தொலைவில்
மூணாறு தலைப்பில் இளஞ்செழியன்
ஷட்டர் திருகிக்கொண்டிருப்பான்.
வெண்ணாற்றை மூன்றாக்கி அனுப்புகிற வேலை.
கோரையாற்றுக்கு இவ்வளவு, பாமணிக்கு இவ்வளவு,
ஒரு அங்குலம் பிசகினால் ஊரே சைக்கிளில் வரும்.
போன மாதம் அவனிடம் பந்தயம் கட்டினேன்:
இந்த வாஷர் உன் விரலில் ஏறாது.
ஏற்றிக் காட்டினான்.
ஜெயித்த சந்தோஷத்தில்
அதை நான் பைக்குள் போட்டதைப் பார்க்கவில்லை.

மன்னார்குடி பந்தலடிக் கடையில்
அளவுக்கோலில் வாஷரைச் செருகி
இருபத்தாறு என்றார்கள்.
ஆம்பளைக்கா? ஆம்பளைக்கு.
வாங்கிக் கொடுக்கறது? நான்.
கல்லைப் பூதக்கண்ணாடியில் உருட்டினார்,
சம்பந்தி வீட்டுப் பலகாரத்தை
மென்று பார்க்கிற வாயோடு.
பரவால்ல, என்றார்.
பிறகு ஒரு தாளை நீட்டினார்:
பதிக்கும்போது உடைந்தால் கடை பொறுப்பல்ல.
கையெழுத்துப் போட்டேன்.
இரண்டு ஊர், இரண்டு பில்,
இடையில் யாரும் பொறுப்பேற்காத ஒன்று
என் இரண்டு விரலுக்குள் மின்னிக்கொண்டிருந்தது.

பதிக்கிறவர் சுபோத், மிட்னாபூர்க்காரர்.
நாலு கால் மோதிரத்தை மெழுகில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்:
அக்கா, இங்க ஒரு புள்ளி.
மேலயே ஒரு கால வெச்சு மூடிடவா?
யாருக்கும் தெரியாது.

வேண்டாம், கொஞ்சம் தள்ளி வைங்க.
நாளைக்குக் கல் மாறிப்போனா
எனக்கு அதுதான் சாட்சி.

சிரித்தார். நான் மாத்த மாட்டேன் அக்கா.
நீங்க இல்ல.
வேற யாரு?

ராத்திரியில் நகரும் எல்லைக்கற்களை
எத்தனையோ பார்த்தவள்,
இதற்குப் பதில் வரவில்லை.
அவர் குனிந்து
முதல் காலை மடக்க ஆரம்பித்தார்.
கேட்டது மிகச் சின்னச் சத்தம்.
என் முதுகில் வியர்த்தது.

நிச்சயதார்த்தம் முடிந்து
எல்லோரும் பந்திக்குப் போன பிறகு
மண்டபத்துப் பின்வாசலில்
அவன் கையைப் பிடித்துக் கிழக்கே திருப்பினேன்.
நகம் கிழக்கு. இப்போ ஈசான மூலையில பாரு,
விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே.
இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான்.
நக இடுக்கில் கழுவியும் போகாத கிரீஸ்.
கல் தெரியுது, புள்ளி தெரியல என்றான்.
தெரியும்போது சொல்லு.

சரி என்று மடக்கிய விரலை
மறுபடி நீட்டிக் கேட்டான்:
என் வாஷர் எங்க?
அது கணக்குல இருக்கு,
பதினஞ்சாம் தேதி ஆடிட்.