பன்னிரண்டு பாக்கெட்

"தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குங்க."
இருபத்தேழாம் மேசை ஜெசிந்தாவின் புகார்,
இந்த மாதத்தில் ஆறாவது.
ஆறு முறையும் என் திரையில் எல்லாம் பச்சை.
ஐந்துக்கு நான்கு புள்ளி ஒன்று: நல்ல அழைப்பு.
ஐந்து புகார்களை அப்படியே மூடியிருந்தேன்.

ஆறாவதை மூடவிடாமல்
ஹெட்செட் கழுத்தில் தொங்க வந்து நின்றாள்.
"கோடு கோடா பாத்துட்டே இருக்கீங்களே,
ஒரு தடவை கேளுங்களேன்."

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாம் தளம்,
ரத்தப் பரிசோதனை நிலையத்தின் அழைப்புக்கூடம்.
இன்று மதியம் மூன்று நாற்பத்து நான்கு. பதிவைத் திறக்கிறேன்.

மெய்யெழுத்துகள்தாம் முதலில் உதிர்கின்றன.
க் போகிறது, ட் போகிறது.
உயிர் மட்டும் வந்து சேர்கிறது,
ஒட்டிக்கொள்ள உடம்பில்லாமல்
ஆ என்றும் ஈ என்றும்.

மறுமுனையில் குணாளன் என்பவர்.
பாடி மேம்பாலத்தின் அடியில் நிற்கிறார் போலும்,
கண்டக்டர் விசில் கேட்கிறது.
ஜெசிந்தா சொன்னது:
"உங்க வீட்டம்மா ரிப்போர்ட்ல தப்பா ஒண்ணும் இல்ல சார்."
போய்ச் சேர்ந்தது:
"ரிப்போர்ட்ல தப்பா ஒண்ணு... சார்."
பிறகு அவர் பக்கத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம். வைத்துவிட்டார்.

குரலை இருபது மில்லிசெகண்டாக நறுக்கி
அனுப்புவது எங்கள் தொழில்.
அந்த 'ம் இல்ல'வுக்குப் பன்னிரண்டு துண்டு.
தொலையவில்லை அவை. தாமதமாக வந்தன.
பேச்சில் தாமதமும் தொலைந்ததும் ஒன்றுதான்;
அடுத்த சொல் தொடங்கிவிட்டால்
முந்தையதை வாசலிலேயே நிறுத்தி அழித்துவிடுவோம்.
நாற்பத்தைந்து நொடி அழைப்பில் பன்னிரண்டு என்பது
அரை சதவீதம்.
அரை சதவீதத்துக்கு எந்தத் திரையும் சிவக்காது.

மூன்று நாற்பதுக்கு கேமரா பதிவுகள் பேக்கப் ஆகும்.
தெரிந்த சங்கதிதான். அதற்குத்தானே
குரலுக்குத் தனி வரிசை போட்டிருந்தேன்,
நெற்றியில் நாற்பத்தாறு என்று எண் எழுதி,
சிறப்பு தரிசனத்தில் விடுவதுபோல.

கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன்.
இருபத்தேழாம் மேசைக்கு அடியில்
தூசி, ஒரு முறுக்குத் துண்டு, ஒரு சின்ன சுவிட்ச்.
ரிச்சி தெருச் சரக்கு, ஐந்து துளை.
அதற்கு நாற்பத்தாறும் ஒன்று, பூஜ்ஜியமும் ஒன்று.
அசல் சமத்துவபுரம்:
கேமரா, பிரிண்டர், குரல் எல்லாம் ஒரே வரிசை,
முந்தி வந்தவருக்கு முதலிடம்.
மேடையில் சொன்னால் கைதட்டு விழும்.

எந்த மடையன் வைத்தது என்று திருப்பினேன்.
அடியில் டேப். டேப்பில் மார்க்கர்.
'தற்காலிகம், இரண்டு நாள்.'
போன வருட மழையின் தேதி.
என் கையெழுத்து.

மேலே ஜெசிந்தாவின் செருப்பு தாளம் போட்டது.
"என்னங்க, ஏதாவது கிடைச்சுதா?"
"ஒண்ணும் இல்ல," என்றேன்.
அவளுக்கு அது முழுசாகக் கேட்டது.

புதுக் கேபிள் இழுத்து முடிக்க ஏழரை ஆயிற்று.
போகும் முன் அன்றைய பட்டியலைப் புரட்டினேன்.
குணாளன் மறுபடி அழைத்திருக்கிறார்,
மூன்று ஐம்பத்தெட்டு, வேறு மேசை, பேக்கப் முடிந்த பிறகு.
இடைப்பட்ட பதினான்கு நிமிடம்
என்ன செய்தார் என்பது எந்தப் பதிவிலும் இல்லை.

சொல்ல வேண்டியதை இந்த முறை ஒழுங்காகச் சொன்னார்கள்.
அதன் பிறகு பதினோரு நொடி
யாரும் பேசவில்லை.
ஒரு ஹார்ன். விசில்.
யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்,
அதுகூட ஒரு துண்டு சிந்தாமல்.

நான்கு புள்ளி நான்கு.
எங்கள் அளவுகோலில் அதற்கு மேல் கிடையாது.