மூன்று சுற்றுக் கயிறு

சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள்.
கானாடுகாத்தான் ஓட்டல் மேனேஜர் சொன்னது இவ்வளவுதான்:
"ஓட வேண்டாம்ண்ணே, பித்தளை மின்னணும்.
வரவேற்பறையில நிக்கப் போகுது."

சரி என்றேன்.
புதுவயலில் படகு மோட்டாரை யார் கண்டார்கள்?
அரிசி ஆலை எலிவேட்டர், தண்ணீர் பம்பு, மொபெட்,
என் கைக்குத் தெரிந்த இரும்பு அவ்வளவு.
கடைக்கு எதிரே ஊருணி வெடித்துக் கிடந்தது,
பையன்கள் அதில் ஸ்டம்பு நட்டிருந்தார்கள்.

பிளக்கைக் கழற்றியதும் பழகிய வாடை.
டூ ஸ்ட்ரோக்.
அட, நீயும் நம்ம ஆளுதானா.

அதற்கப்புறம் பித்தளையை எங்கே தேய்த்தேன்.
இறுகிய பிஸ்டனுக்கு டீசல் ஊற்றி மூன்று நாள் விட்டேன்.
நாலாம் நாள் அசைந்தது,
பல்வலிக்காரன் வாய் திறப்பதுபோல.
கார்புரேட்டர் மிதவை தக்கையால் ஆனது,
பெட்ரோல் குடித்துக் குடித்து மிதக்க மறந்திருந்தது.
காயவைத்து ஃபெவிகுயிக் பூசினேன்.
பம்பின் ரப்பர் கருவாடு.
லாரி டியூபில் செதுக்கிய மூன்றாவது பொருந்தியது.
கேஸ்கெட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை:
'இருவீட்டார் அழைப்பு' இப்போது
கார்புரேட்டருக்கும் கிராங்க் பெட்டிக்கும் நடுவில்.
கண்டென்சர் மட்டும் செத்தே போயிருந்தது.
சந்தியாகுவின் மொபெட் பட்டறையில்தான் நின்றது.
அவனிடம் கேட்கவில்லை.

அடிப்பெட்டிக்குள் கிரீசுக்குப் பதில் சேறு,
செங்கல்லாகியிருந்தது.
நெம்பி எடுத்துப் பழைய டப்பாவில் போட்டேன், ஏனென்று தெரியாது.
கவ்வியின் துருவைச் சுரண்டியபோது
உளியால் கொத்திய எழுத்து:
லெ. சொ. அ. பியாப்போன். கடை 2.

பர்மாவில் வட்டிக்கடை.
கடைக்கு எதற்கு மோட்டார் என்று
அப்போது யோசிக்கவில்லை.

பாத்திர வாடகை அமானுல்லாவிடம்
இருநூறு பேர் பிரியாணி அண்டா எடுத்தேன்.
குழாய்த் தண்ணீர் நிரப்பி
தேக்குப் பலகையில் மோட்டாரைக் கவ்வவிட்டு
லிட்டருக்கு அறுபது மில்லி ஆயில் கலந்து
கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இழுத்தேன்.
ஒன்றுமில்லை.
இழுத்தேன்.
தும்மியது.
பதினேழாவது இழுப்பில் தோள்பட்டை கழன்றதென்று நினைத்தபோது
பிடித்துக்கொண்டது.

நீலப்புகை. அண்டா கொதிக்காமல் கொதித்தது.
செந்நீர் சீறிச் சுவரை நனைத்தது.
ஸ்டம்பை விட்டுவிட்டுப் பையன்கள் ஓடிவந்தார்கள்.
நான் கத்தினேன், எனக்கே கேட்கவில்லை.
டபடபடபவென்று
தெருவின் கடைசி வீடுவரை போனது சத்தம்.

அப்போதுதான் யோசித்தேன்.
வாய்க்கால் வாய்க்காலாக
நெல்லுக்கு நடுவே
தவணை கேட்டுப் போன சத்தமாயிருக்கும் இது.
கரையில் யாரோ
சோற்றுப்பானையை மூடிவைத்துப்
பிள்ளையிடம் சொல்லியிருப்பார்கள்:
அப்பா இல்லைன்னு சொல்லு.

எங்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை.
குழுக்கடன் தம்பியின் பைக்கில் செயின் கரகரத்தவரை
முனையிலேயே தெரிந்துவிடும்.
நான்தான் இறுக்கி எண்ணெய் விட்டுக் கொடுத்தேன்.
இப்போது வாசலில் வந்து நின்றபிறகே தெரிகிறது.
ஜெபமாலை அதை இன்னும் மன்னிக்கவில்லை.

விசிறி அண்டா விளிம்பில் உரசி நசுக்கியது.
அணைத்தேன்.
அமானுல்லா எண்ணூறு கேட்டான், அறுநூறுக்கு இறங்கினான்.

பெட்ரோலை வடித்தேன். பித்தளையைத் தேய்த்தேன்.
மேனேஜர் வண்டியோடு வந்தார்,
முகம் தெரிகிறதா என்று பித்தளையில் குனிந்து பார்த்தார்.
"ஓடுமாண்ணே?"
"ஓட வேண்டாம்னீங்களே."
சிரித்தார். எண்ணிக் கொடுத்தார்.

கண்டென்சரை முந்தின இரவே கழற்றிவிட்டிருந்தேன்.
இனி யார் இழுத்தாலும் பொறி வராது.

காலையில் சந்தியாகு வந்து நின்றான்.
"நேத்து பூரா மிதிச்சேன், கிளம்பல.
இன்னைக்கு ஒரே மிதி. என்னண்ணே செஞ்ச?"