பதினைந்து கிராம்

பாகம் பிரித்தபோது
அடுப்பு எனக்கு, பெயர்ப்பலகை அவளுக்கு.
தட்டுகள் ஆளுக்குப் பதினொன்று.
மிஞ்சிய கோணல் தட்டை
நாயுடுபுரம் இரும்புக்கடையில் போட்டு
வந்த காசில் டீ குடித்தோம்,
பேசாமல்.

நோட்டு என்னிடம் வந்தது.
கப்பை அமலோற்பவம் எடுத்துக்கொண்டாள்.
நீல எனாமல், காது போனது,
விளிம்பில் கறுப்பாய் ஒரு பொட்டு.
போனால் போகிறது, ஓட்டைக் கப்பு என்றிருந்தேன்.

மறுநாள் விடியலில் நோட்டை விரித்தால்
மைதா 7 கப்பு. சீனி 4.
வெண்ணெய் ரெண்டு, கொஞ்சம் குறைச்சு.
எல்லாம் என் கையெழுத்துதான்.
கப்பு என்றால் எவ்வளவு என்று
ஒரு பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.
எண்ணிக்கை எப்போதும் என் வாயில்,
அளவு அவள் கையில்.
நான் "ஆறு... ஏழு..." என்பேன்,
அவள் அள்ளிப் போடுவாள்.

வீட்டிலிருந்த டம்ளரால் அளந்தேன்.
திங்கட்கிழமை கூழ். செவ்வாய் செங்கல்.
புதன்கிழமை கேக் நடுவில் குழிந்து
ஏரி மாதிரி கிடந்தது,
படகு மட்டும்தான் இல்லை.

கடன் வாங்கித் தராசு வாங்கினேன்.
எதை வைத்து நிறுப்பது?

பழைய பில்களைத் தேடி எடுத்தேன்.
வத்தலக்குண்டிலிருந்து மூட்டை ஐம்பது கிலோ.
சுவரில் கரிக்கோடுகள்:
ஒரு மூட்டை மைதாவுக்கு ஐம்பத்தொரு கலவை.
கலவைக்கு ஏழு என்றால் முந்நூற்று ஐம்பத்தேழு கப்பு.
வகுத்தேன்.
நூற்று நாற்பது.

சீனிக்கு அறுபத்திரண்டரைக் கலவை.
அதையும் வகுத்தேன். இருநூறு, பிசகில்லாமல்.
அப்படியென்றால் கப்பு நல்ல கப்புதான்,
ஊர் உலகத்துக் கப்பு.
மைதா பாக்கெட்டின் முதுகிலோ
கப்புக்கு நூற்றிருபத்தைந்து என்று அச்சடித்திருக்கிறது.

பதினைந்து கிராம் எங்கிருந்து வந்தது?

சீனி யார் அமுக்கினாலும் மசியாது.
மாவு மசியும்.
கோபுரமாய் அள்ளி, மேசையில் ரெண்டு தட்டு தட்டி,
கட்டைவிரலால் ஓரத்தை ஓர் அழுத்து அழுத்தி
அப்புறம்தான் தலை தட்டுவாள் அமலோற்பவம்.
ஆறு வருஷம் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.
கணக்குப் போட்டபோதுதான் பார்த்தேன்.

நிறுத்து நிறுத்துப் பார்த்தேன் அன்று ராத்திரி,
நிறுத்த முடியவில்லை.
மேசையெல்லாம் வெள்ளைக் குன்றுகள்.
நூற்றிருபத்தைந்து ஒரு குன்று, நூற்று நாற்பது ஒரு குன்று,
கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான்.
பாதி ராத்திரியில் தும்மல் வந்து
எல்லாக் கணக்கும் பறந்தது.

டிசம்பர் மழையில் போன் வந்தது.
மூஞ்சிக்கல்லிலிருந்து.
எட்டு மாதமாய்ப் பேசாதவள்
நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.
"பிளம் கேக்குக்கு மைதா எத்தனை?"

நோட்டைத் திறக்கத் தேவையில்லை. இருந்தும் திறந்தேன்.
"ஆயிரத்து நூற்றிருபது கிராம்."

அவள் தகரத்தில் பெய்யும் மழையும்
என் தகரத்தில் பெய்யும் மழையும்
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டன.

"எங்கிட்ட தராசு இல்லடி."

தெரியும்.
ஏழு என்று சொல்லியிருக்கலாம்.
ஒன்பது என்றும் சொல்லியிருக்கலாம்,
கிறிஸ்துமஸ் ஆர்டர் மொத்தமும்
மேட்டேறி என் கடைக்கு வந்திருக்கும்.

"எட்டு" என்றேன்.
"அமுக்கியா, அமுக்காமலா?" என்றாள்.

அப்படியென்றால் அவளுக்கும் தெரிந்திருந்தது.

"எப்பவும் போடுற மாதிரி போடு."

போனை வைத்துவிட்டு என் மாவை நிறுத்தேன்.
ஈரக்காற்றில் எண்கள் கொஞ்சம் தடுமாறின.
1118. 1121.
விரல் நுனியால் ஒரு சிட்டிகை எடுத்தேன்,
கூடிப்போயிற்று என்று.
பிறகு அதையும் உள்ளேயே போட்டேன்.