ஆளுக்கு அறுநூறு

காலணியை வாசலில் விட்டு உள்ளே வந்த ஹைருல்
லேசர் அளவுகோலின் சிவப்புப் பொட்டை
சுவருக்குச் சுவர் வைத்துப் பார்த்தார்.

செங்காங், பதினான்காவது மாடி.
மேற்கு பார்த்த பெரிய அறைக்குப் பன்னிரண்டாயிரம்,
நித்திலா அறைக்கு ஒன்பது,
வரவேற்பறைக்குப் பதினெட்டு வரும்போலிருக்கிறது என்றார்.
குளிரை ஆயிரக்கணக்கில் அளப்பார்கள் என்று
எனக்கு அன்றுதான் தெரியும்.

மூவாயிரத்து நானூறு வெள்ளி.
தடித்த செம்புக்குழாய் என்றால் நூற்றைம்பது கூட.
பழசைக் கழற்றிக் கொண்டுபோக எண்பது.
குழாயை மூடும் பெட்டி தனி.

என் கணவர் குமணன்,
பெயரில் மட்டும் வள்ளல்,
அங் மோ கியோ கடைக்காரன் இருநூறு குறைத்தான் என்று
அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி அனுப்பினார்.
குழாயின் தடிமனை அவன் சொன்னானா,
கேளுங்கள், என்று பதில் போட்டேன்.

"வீட்டில் எத்தனை பேர்?"
"மூணு."
"ஆளுக்கு அறுநூறு சேர்க்கணும்.
உடம்பும் ஓர் அடுப்புதானே."

அப்போதுதான் சுலஸ்திரி
பார்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.
எந்த ஊர் என்று அவர் மலாயில் கேட்டார்.
சிலாசாப் என்றாள்.
ஆறு வருடமாக நான் ஜாவா என்றே சொல்லிவந்தேன்.

அவர் தாளில் மூன்றை அடித்து
நான்கு என்று எழுதினார்.
என் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு காப்பறையின் இரும்புக் கதவைத் திறந்தார்.
மடித்த மெத்தை,
அரிசி மூட்டை,
அலமாரி விளிம்பைக் கவ்விய சின்ன மின்விசிறி.
இந்தச் சுவரில் துளை போடக்கூடாது,
குண்டு விழுந்தால் தாங்க வேண்டிய சுவர் என்றார்.
தெரியும் என்றேன்.
சட்டம் ஒன்று இருப்பதில்
எனக்கு நிம்மதியாக இருந்தது.
அதையும் எழுதிவைக்கிறேன்.

அறுநூறு கூடியதும் பதினெட்டைத் தாண்டிவிட்டது.
அடுத்த அளவு இருபத்துநாலுதான்,
நடுவில் ஒன்றும் தயாரிப்பதில்லையாம்.
இருநூற்று அறுபது வெள்ளி ஏறியது.
வெள்ளிக்கிழமை மாட்டிவிடலாம் என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இரவு குமணன் சாப்பாட்டு மேசையில்
தாளை விரலால் வரிவரியாகத் தடவினார்.
ஹாலுக்கு எதற்கு இருபத்துநாலு?
ஓர் ஆள் கூடிவிட்டது என்றேன்.

"யாரு, உங்க அம்மாவா வர்றாங்க?"

அவர் தட்டை எடுக்க நீண்ட கை
ஒரு கணம் நின்று
பிறகு எடுத்துக்கொண்டு போயிற்று.